ஐரிஷ் காப்பகங்களில் பழைய கடிதங்கள்: தேடவும் படிக்கவும் பயன்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரிஷ் கவிஞர் யேட்ஸும் அவர் காதலித்த புரட்சியாளர் மாட் கானும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1992இல் அவை தொகுப்பாக அச்சில் வந்தபோது அதில் மாட் கான் எழுதியவை முந்நூற்றுக்கும் மேல் இருந்தன. யேட்ஸ் எழுதியவை சுமார் முப்பதுதான். யேட்ஸ் பதில் போடச் சோம்பல்பட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். தனக்கு வந்த கடிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். மாட் கானின் டப்ளின் வீட்டிலோ, 1922–23 ஐரிஷ் உள்நாட்டுப் போர்ச் சமயத்தில் சிப்பாய்கள் புகுந்து காகிதங்களைக் கொளுத்திவிட்டார்கள். காதலித்தவரின் குரல் அடங்கிப்போய், காதலை ஏற்காதவரின் குரல் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஐரிஷ் கடிதங்களைத் தேடப் புறப்படும் யாரும் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இதை யார் வைத்திருந்தார், எப்படித் தப்பியது, மறுபாதி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவை.

1. யாருடைய பெட்டியில் தேடுவது?

கடிதம் எழுதியவரிடம் இருக்காது, பெற்றவரிடம்தான் இருக்கும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் தேடல் கட்டத்தில் பெயரைத் தட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் அவர் மனம் விட்டு எழுதியது நண்பர் தாமஸ் மக்ரீவிக்கு. அந்தக் கடிதங்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. மக்ரீவி அவற்றைத் தூக்கிப் போடாததால்தான் முப்பதுகளின் பெக்கெட்டை நமக்குத் தெரியும். அவருடைய கடிதங்களைப் பதிப்பித்த குழு உலகம் முழுக்கத் தேடி 15,000க்கும் மேல் கண்டுபிடித்தது. அதிலிருந்து தேர்ந்தவை 2009 முதல் 2016 வரை 4 தொகுதிகளாக வந்தன. ‘என் எழுத்தோடு தொடர்புள்ளவை மட்டும்’ என்று பெக்கெட் உயிரோடு இருந்தபோதே நிபந்தனை போட்டிருந்தார். ஆகவே அச்சிலிருப்பது பெக்கெட்டின் முழு வாழ்க்கை இல்லை.

கவிஞர் ஷேமஸ் ஹீனி இன்னொரு மாதிரி. 2003இல் அவருடைய ஆவணங்களின் ஒரு பெரும்பகுதி அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதில் அவருக்கு வந்த கடிதங்கள் ஏராளம். 2011 டிசம்பரில் தன் கவிதைகளின் கைப்பிரதிகளை அவர் டப்ளின் தேசிய நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அப்படியானால் அவர் பிறருக்கு எழுதிய கடிதங்கள்? அவை இரண்டு இடத்திலும் மொத்தமாக இருக்காது. நண்பர்கள், பதிப்பாளர்கள், சக கவிஞர்கள் என்று நூறு பேரின் காகிதங்களுக்குள் சிதறிக் கிடக்கும்.

எனவே தேடும் முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆள் யார் யாருக்கெல்லாம் எழுதியிருப்பார் என்று பட்டியல் போடுங்கள். மனைவி, சகோதரி, பதிப்பாளர், வக்கீல், கடன் கொடுத்தவர் என்று யாரையும் விட வேண்டாம். நிலப்பிரபு என்றால் எஸ்டேட் ஏஜென்ட்டைக் கட்டாயம் சேருங்கள். நிறைய நிலப்பிரபுக்கள் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு கடிதத்திலேயே எஸ்டேட் நடத்தியவர்கள். ஏஜென்ட்டின் கடிதக் கட்டுகளில் ஊர் முழுக்க இருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. அலுவல் கடிதங்களை அனுப்பும் முன் பிரதி எடுத்து வைக்கும் கடிதப் பிரதிப் புத்தகம் எழுதியவரிடமே தங்கும். அதைப் பார்த்தால் விடாதீர்கள்.

ஊர் விட்டு ஊர் போன கடிதங்களையும் கணக்கில் வையுங்கள். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1909இல் தன் துணைவி நோராவுக்கு எழுதிய அந்தப் பிரபலமான கடிதங்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நாடகாசிரியர் லேடி கிரெகரியின் காகிதங்களைத் தேடுபவர் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்புக்குப் போக வேண்டும். ஐரிஷ் எழுத்தாளர்களில் பாதிப் பேரின் கடிதங்களுக்கு டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்திலும் விசாரிக்க வேண்டியிருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் பணம் இருந்தது, அவை வாங்கின, அவ்வளவுதான். நமக்குப் பக்கத்திலும் ஒரு நூல் நீள்கிறது. 1781 முதல் 1785 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜார்ஜ் மெக்கார்ட்னி, அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்துக்காரர். ஆற்காடு நவாபோடு வரிவசூல் விவகாரத்தில் மல்லுக்கட்டிய அவருடைய காகிதங்களில் ஒரு பகுதி இன்று பெல்ஃபாஸ்டில் இருக்கிறது. ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதியின் 18ஆம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுபவர்கள் அங்கேயும் ஒரு எட்டு பார்க்கலாம்.

2. எது எரிந்தது, எது தப்பியது?

1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் தொடக்கச் சண்டையில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுகளின் உயில்கள், தேவாலயப் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஏறக்குறைய எல்லாம் போயின. எரிந்த காகிதத் துண்டுகள் டப்ளின் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன.

அதே ஆண்டுகளில் கிராமப்புறப் பெரிய மாளிகைகளும் எரிந்தன. 1920 தொடங்கி 1923 வரை சுமார் 275 மாளிகைகள் எரிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். நாவலாசிரியர் ஜார்ஜ் மூரின் குடும்ப வீடான மூர் ஹால் 1923 பிப்ரவரியில் போனது. வீட்டோடு காகிதமும் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

இதனால்தான் அயர்லாந்தில் தனியார் குடும்பக் கடிதங்களுக்கு மற்ற நாடுகளில் இல்லாத ஒரு மதிப்பு. அரசு வைத்திருந்த சான்று போய்விட்ட இடத்தில், ஒரு அத்தை பரணில் போட்டு வைத்த கட்டு சான்றாகிறது. வடக்கில் 1923இல் தொடங்கிய வட அயர்லாந்து பொது ஆவண அலுவலகம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. வக்கீல் அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் போய்க் கேட்டு வாங்கிச் சேர்த்தது. தெற்கில் 1928இல் ஐரிஷ் கைப்பிரதி ஆணையம் வந்தது. 2022இல் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலம், எரிந்தவற்றின் நகல்களை உலகக் காப்பகங்களிலிருந்து திரட்டி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

தப்பியவற்றில் பலரும் கவனிக்காத ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமைச் செயலர் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களும் மனுக்களும் டப்ளின் கோட்டையில் தனியாக இருந்ததால் 1922 தீயில் சிக்கவில்லை. இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1818 முதல் 1833 வரையிலானவற்றின் விரிவான பட்டியலை இணையத்திலேயே தேடலாம். வேலை கேட்டவர், சிறையிலிருந்து கெஞ்சியவர், பக்கத்து வீட்டுக்காரர் மேல் மொட்டைக் கடிதம் போட்டவர் என்று எல்லோரும் அதில் உண்டு. பிரபுக்களின் கடிதங்களைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

3. முதலில் அச்சில் வந்ததைப் பாருங்கள்

நேராகக் கைப்பிரதிக்கு ஓடாதீர்கள். அரசியல் தலைவர் டேனியல் ஓ’கானலின் கடிதங்கள் 8 தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. லென்ஸ்டர் சீமாட்டி எமிலியின் கடிதத் தொகுப்பு 1949 முதல் 1957 வரை 3 தொகுதிகளாக வந்தது. அதன் பெரும்பகுதி எமிலி எழுதியவை அல்ல, எமிலிக்கு வந்தவை. காசில்டவுன் மாளிகையிலிருந்து தங்கை லூயிசா எழுதியவை, இன்னொரு தங்கை சாரா எழுதியவை, 1798 எழுச்சியில் உயிரிழந்த மகன் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியவை. முதல் படியில் சொன்ன அதே விதிதான். கைப்பிரதி ஆணையம் தன் பழைய வெளியீடுகளில் பலவற்றை இலவசமாகவே இணையத்தில் கொடுக்கிறது.

பழைய பதிப்புகளில் ஒரு எச்சரிக்கை. ‘குடும்ப விஷயம் நீக்கப்பட்டது’ என்ற குறிப்போ வெறும் மூன்று புள்ளிகளோ வந்தால், அங்கேதான் உங்களுக்கு வேண்டியது இருக்கும். பதிப்பாசிரியர் வெட்டியது பெரும்பாலும் பணம், நோய், பிரசவம், சண்டை. அந்தப் புள்ளிகளுக்காகவாவது மூலத்தைப் பார்க்க வேண்டும்.

4. எந்தக் காப்பகம், என்ன பெயரில்?

இலக்கியக் கடிதங்களுக்கும் பெரிய குடும்ப ஆவணங்களுக்கும் முதல் வாசல் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகம். யேட்ஸ், ஜாய்ஸ், ஆர்மண்ட் குடும்பம், லிஸ்மோர் எஸ்டேட் எல்லாம் அங்கே. டிரினிட்டியில் புரட்சியாளர் வுல்ஃப் டோன், நாடகாசிரியர் ஜே. எம். சிங், பெக்கெட். அரசியல்வாதிகள் என்றால் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் காப்பகம். டி வலேராவின் காகிதங்கள் அங்கே. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களுக்கு ராத்ஃபார்னமில் தனி நூலகம் உண்டு. பர் கோட்டை மாதிரி சில குடும்பங்கள் காகிதங்களைச் சொந்த வீட்டிலேயே வைத்திருக்கின்றன. எது எங்கே என்று தெரியாதபோது ஐரிஷ் காப்பகங்கள் பலவற்றின் சேகரிப்புகளை ஒரே இடத்தில் காட்டும் ஐரிஷ் ஆவண வளத் தளத்தில் தொடங்குங்கள்.

பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து பொது ஆவண அலுவலகத்தின் குறியீட்டு எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எண்ணுக்கு முன் ‘D’ என்றிருந்தால் குடும்பம் ஒப்படைத்த மூல ஆவணம். ‘T’ என்றிருந்தால் அது நகல் அல்லது யாரோ எடுத்து வைத்த படி. ‘MIC’ என்றால் நுண்படச் சுருள். மூலம் என்று நம்பி நகலை மேற்கோள் காட்டி அவமானப்படாமல் இருக்க இது உதவும். பெரிய குடும்பச் சேகரிப்புகளுக்கு அங்கே நீண்ட அறிமுகக் கட்டுரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பல சமயம் அந்த அறிமுகமே ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும்.

அப்புறம் பெயர்கள். நான் ஆரம்பத்தில் ஆஃபலி மாவட்டம் என்று போட்டுத் தேடி, 19ஆம் நூற்றாண்டில் அங்கே யாருமே கடிதம் எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அதன் பெயர் கிங்ஸ் கவுன்டி. லீஷ் என்பது குயின்ஸ் கவுன்டி. இன்றைய கோவ் துறைமுகம் 1849 முதல் 1920 வரை குயின்ஸ்டவுன். டன் லேரி அன்று கிங்ஸ்டவுன். பர் ஊருக்குப் பார்சன்ஸ்டவுன் என்று பெயர். பழைய பட்டியல்கள் பழைய பெயரிலேயே நிற்கும். அதற்கும் கீழே போனால் டவுன்லேண்ட் என்ற சின்ன நிலப்பிரிவுகள் வரும். நாட்டில் அவை 60,000க்கும் மேல். ஒரே பெயர் பத்து மாவட்டங்களில் இருக்கும், ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். இடப்பெயர்களுக்கான ‘லோகனிம்’ தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேடுங்கள். குடும்பப் பெயரிலும் அப்படித்தான். ஓ’சல்லிவன் ஒரு தலைமுறையில் சல்லிவன், அடுத்த தலைமுறையில் மறுபடி ஓ’சல்லிவன்.

5. வாசிப்பு அறையில்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசகர் அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், வேண்டிய குறியீட்டு எண்களைப் போகும் முன்பே அனுப்பிவிடுங்கள், அறை திறந்திருக்கிறதா என்று அந்த வாரம் பாருங்கள். பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. வெள்ளைக் கையுறை சினிமாவோடு சரி. கையுறையோடு மெல்லிய தாளைத் திருப்பினால் கிழிந்துவிடும். கழுவித் துடைத்த வெறும் கை போதும். கட்டுக்குள் கடிதங்கள் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். தப்பான வரிசை என்று உங்களுக்குத் தோன்றினாலும் ஊழியரிடம் சொல்லுங்கள், நீங்களே சரிசெய்யாதீர்கள். படம் எடுக்க ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி, கேட்டுவிட்டு எடுங்கள். படம் எடுத்தால் ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அதன் எண்ணைச் சீட்டில் எழுதி அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து நானூறு படங்களை வைத்துக்கொண்டு விழிப்பது பெரிய கொடுமை.

6. படிக்கும் முன் தாளைப் பாருங்கள்

1820ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கையில் வருகிறது என்று வையுங்கள். உறை இருக்காது. அந்தக் காலத்தில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் தபால் கட்டணம், அதையும் பெரும்பாலும் பெறுபவர்தான் கட்டுவார். உறை போட்டால் அது இன்னொரு தாள், கட்டணம் இரட்டிப்பு. அதனால் ஒரே பெரிய தாளை இரண்டாக மடித்து, மூன்று பக்கம் எழுதி, நாலாவது பக்கத்தின் நடுவில் முகவரி தெரியும்படி மடித்து அரக்கு வைப்பார்கள். பிரிக்கும்போது அரக்கோடு ஒரு துண்டு பிய்ந்து வரும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே இடத்தில் இரண்டு மூன்று சொற்கள் காணாமல் போயிருந்தால் காரணம் எலி இல்லை, அரக்குதான். சில சமயம் பிய்ந்த துண்டு அரக்கின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே தேடுங்கள். அரக்கு கறுப்பாக இருந்தாலோ தாளின் ஓரம் கறுப்பாக இருந்தாலோ அது துக்க வீட்டிலிருந்து வந்தது.

மூன்று பக்கமும் தீர்ந்த பிறகும் சொல்ல மீதி இருந்தால் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். முதல் பார்வைக்குப் பாய் முடைந்த மாதிரி தெரியும். தாளைக் கண் மட்டத்துக்குச் சாய்த்துப் பாருங்கள், ஒரு திசை வரிகள் தெளிந்து மற்றது மங்கும். படமாக இருந்தால் 90 பாகை திருப்பி, முதலில் ஒரு திசையை மட்டும் முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் படிக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம்.

முகவரிப் பக்கத்தின் மூலையில் ஒரு கையெழுத்தும், சொற்களில் விரித்து எழுதிய தேதியும் இருந்தால், அது நாடாளுமன்ற உறுப்பினரின் இலவசத் தபால் சலுகை. 1784 முதல் அவர்கள் இடத்தையும் தேதியையும் தங்கள் கையாலேயே முழுதாக எழுத வேண்டும் என்று விதி. கடிதத்துக்குள் வெறும் ‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் இருக்கும்போது வெளியிலிருக்கும் அந்த வரி உங்களைக் காப்பாற்றும். 1840 ஜனவரி 10இல் பென்னி தபால் வந்ததும் அந்தச் சலுகை போனது. எல்லோரும் ஒரு பென்னியில் எழுத ஆரம்பித்தார்கள், உறையும் பரவியது.

தேதியில் வழுக்கும் இடங்கள் பல. 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. எனவே 1711 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1712. ஒழுங்கானவர்கள் 1711/12 என்று இரண்டையும் போடுவார்கள். குவேக்கர்கள் மாதப் பெயர்களைச் சொல்லாமல் எண்ணால் குறிப்பார்கள். 1752க்கு முன் அவர்களின் முதல் மாதம் மார்ச், அதற்குப் பின் ஜனவரி. பட்டியல் போட்டவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். ‘இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்டிமோ’ என்றால் போன மாதம்.

ஐரிஷ் மொழிக் கடிதமானால் எழுத்துருவே வேறாக இருக்கலாம். பழைய கேலிக் எழுத்தில் ‘ஆர்’ ஒலிக்கும் ‘எஸ்’ ஒலிக்கும் உரிய எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மெய்யின் தலையில் புள்ளி இருந்தால் ஒலி மென்மையாகிறது என்று பொருள். மெய் தலையில் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு அது அந்நியமாக இருக்காது, ஆனால் வேலை வேறு.

கையெழுத்தைத் தானாகப் படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ் மாதிரி மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. சாதாரண வரிகளுக்கு நம்பலாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், பணத்தொகை மூன்றையும் உங்கள் கண்ணால் சரிபாருங்கள்.

7. அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம்

இலக்கியவாதிகளை விட்டுவிட்டுக் கொஞ்சம் குடியானவர் வீட்டுக்குப் போவோம். புலம்பெயர்ந்தவர்களின் கடிதங்களை வரலாற்றாசிரியர் கெர்பி மில்லர் பல பத்தாண்டுகள் திரட்டினார். ஆயிரக்கணக்கான அந்தக் கடிதங்களை கால்வே பல்கலைக்கழகம் 2024இல் ‘இமிர்கே’ என்ற பெயரில் இணையத்தில் திறந்துவிட்டது. ஓமாவில் உள்ள புலப்பெயர்வு ஆய்வு மையமும் தன் கடிதங்களைத் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடி தொடங்க இவற்றை மிஞ்சி எதுவும் இல்லை.

இவற்றின் தொடக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பேனாவை எடுத்தேன், கடவுள் அருளால் இங்கே சுகம், இந்தச் சில வரிகள் உங்களையும் அவ்வாறே காணட்டும். நம் தாத்தாக்களின் ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ நினைவுக்கு வரும். சம்பிரதாயம் என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே ஆள் பத்துக் கடிதம் எழுதி, ஒன்றில் மட்டும் அந்த வரி இல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. சாவுச் செய்தியாக இருக்கலாம், ஊரோடு கோபமாகவும் இருக்கலாம்.

கடைசியில் ‘இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று பெயர் பெயராக நீளும். வாசகருக்கு அலுப்பு, வம்சாவளி தேடுபவருக்குத் தங்கச் சுரங்கம். எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, யார் யாருக்கு மைத்துனர் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்தப் பெயர்களை எடுத்து, 1847 முதல் 1864 வரை எடுக்கப்பட்ட கிரிஃபித் நில மதிப்பீட்டிலும், 1901, 1911 கணக்கெடுப்புகளிலும் ஒப்பிடுங்கள். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று, இவை தனிக் கடிதங்கள் இல்லை. அமெரிக்கக் கடிதம் வந்தால் அடுப்படியில் அக்கம்பக்கத்தார் கூட, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுதியவருக்கும் அது தெரியும். அதனால் தோல்வியைக் கடிதத்தில் தேடினால் கிடைப்பது அரிது. ‘வேலை இப்போது கொஞ்சம் மந்தம்’ என்று ஒரு வரி வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். மொழியையும் கவனியுங்கள். வீட்டில் ஐரிஷ் பேசியவர்கள்கூட ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள், ஏனென்றால் எழுதப் படிக்கக் கற்றது ஆங்கிலம் மட்டும். உச்சரிப்பு அப்படியே எழுத்தில் இறங்கியிருக்கும். எழுத்துப்பிழையைத் திருத்திப் படியெடுக்காதீர்கள், அந்தப் பிழைதான் அவர்களுடைய குரல்.

8. எதிர்த்தரப்பின் காகிதத்தையும் எடுங்கள்

ராஸ்காமன் மாவட்டத்தின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையை 1979இல் உள்ளூர் மோட்டார் வியாபாரி ஒருவர் வாங்கினார். வீட்டுக்குள் 1840களின் பெரும் பஞ்ச காலத்து எஸ்டேட் காகிதங்கள் அப்படியே கிடந்தன. அதில் 1846 ஆகஸ்டில் க்ளூனஹீ குத்தகைதாரர்கள் எழுதிய மனு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் எங்கள் கண்ணெதிரே பசியில் துடிக்கிறார்கள், இந்த அழுகையை இனியும் தாங்க முடியாது, வேலை கொடுங்கள் என்பது அதன் சாரம். அதே காகிதக் குவியலில், இவர்களை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் ஏற்றிவிடுவது மலிவு என்று எஸ்டேட் ஏஜென்ட் போட்ட கணக்கும் இருக்கிறது. 1847இல் 1,490 பேர் டப்ளினுக்கு நடத்திச் செல்லப்பட்டு, லிவர்பூல் வழியாகக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த நவம்பரில் நிலப்பிரபு டெனிஸ் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனுவை மட்டும் படித்தால் இரக்கம் வரும். கணக்கை மட்டும் படித்தால் அது வெறும் நிர்வாகம். இரண்டையும் அருகருகே வைத்துத் தேதி வாரியாகப் படித்தால்தான் யார் எப்போது என்ன அறிந்திருந்தார் என்று தெரியும். எஸ்டேட் கட்டுகளைத் தொடும்போது வாடகைப் புத்தகம், கணக்கேடு, மனு, ஏஜென்ட் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். ஸ்ட்ரோக்ஸ்டவுன் இன்று பஞ்ச அருங்காட்சியகம்.

9. பூட்டி வைத்தவை, அடித்தவை, எரித்தவை

1940இல் ஜெர்மானியர் பிடித்த பாரிஸில் ஜாய்ஸின் காலி வீட்டிலிருந்து நண்பர் பால் லியோன் காகிதங்களைக் காப்பாற்றினார். அவற்றை ஐரிஷ் தூதரிடம் கொடுத்து, தனக்கும் ஜாய்ஸுக்கும் ஏதாவது ஆனால் 50 ஆண்டுகள் பூட்டி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். யூதரான லியோனை நாஜிகள் 1942இல் கொன்றார்கள். தேசிய நூலகம் சொன்ன சொல்லைக் காத்தது, 1991இல்தான் திறந்தது. ஆஸ்கார் வைல்ட் சிறையில் 1897இல் எழுதிய நீண்ட கடிதமும் அப்படித்தான். நண்பர் ராஸ் 1909இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் 50 ஆண்டுப் பூட்டோடு கொடுத்தார். பட்டியலில் ‘பார்வைக்கு இல்லை’ என்று கண்டால் சோர்ந்துவிடாதீர்கள். எந்த ஆண்டு திறக்கும் என்று கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

எழுத்தாளர் ஜொனாதன் சுவிஃப்ட் 1710 முதல் 1713 வரை லண்டனிலிருந்து டப்ளினுக்கு, ஸ்டெல்லா என்று அவர் அழைத்த எஸ்தருக்கும் அவர் தோழிக்கும் எழுதியவற்றில், கொஞ்சல் சொற்களின் மேல் மட்டும் சுழி சுழியாக மை கிறுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் வெட்கப்பட்டு அடித்தார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். மூலத்தை நெருங்கி ஆராய்ந்த பிறகு, அனுப்பும் முன் சுவிஃப்டே அடித்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அதாவது அடித்ததே விளையாட்டு, பெறுபவர்கள் சிரித்துக்கொண்டே அடியில் உள்ளதைக் கண்டுபிடிக்க வேண்டும். அடித்தல் கண்டால் எப்போது, யார் என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள்.

எரித்தவற்றுக்கு மருந்தில்லை. ஜாய்ஸின் பேரன் ஸ்டீபன், அத்தை லூசியா தனக்கு எழுதிய கடிதங்களை அழித்துவிட்டதாக 1988இல் வெனிஸில் கூடியிருந்த ஆய்வாளர்கள் முன்னாலேயே அறிவித்தார். அவர்களுக்கு அது இடி. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயில் வாழ்நாளைக் கழித்த அத்தை மருமகனுக்கு எழுதியதில் நமக்கு என்ன பங்கு?

10. வெளியிடுவதற்கு முன்

கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகங்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும், பிறகு அவர் வாரிசுகளுக்கும். அயர்லாந்தில் பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை அது நீடிக்கும். காப்பகம் படம் எடுக்க விட்டதால் மட்டும் நீங்கள் முழுக் கடிதத்தையும் வெளியிட முடியாது. இரண்டு அனுமதி வேண்டும், இரண்டும் வேறு வேறு.

1936இல் ஜாய்ஸ் கோபன்ஹேகனிலிருந்து அப்போது சிறுவனாக இருந்த அதே ஸ்டீபனுக்கு, இந்த ஊரில் பூனைகளே இல்லை என்று ஒரு குறும்புக் கடிதம் எழுதினார். ஜாய்ஸ் இறந்தது 1941 என்பதால் ஐரோப்பாவில் அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துகளின் உரிமை 2011 முடிவோடு தீர்ந்தது. மறு ஆண்டே டப்ளினின் ஒரு சிறு பதிப்பகம் பூனைக் கடிதத்தைப் புத்தகமாகப் போட்டுவிட்டது. மூலக் கடிதத்தை வைத்திருந்த சூரிச் ஜாய்ஸ் அறக்கட்டளை, எங்களைக் கேட்கவே இல்லையே என்று கொதித்தது. அதற்கு முன் அச்சாகாத கடிதத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். உங்களுக்கு அந்த வம்பு வேண்டாம், முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மேற்கோள் காட்டும்போது எழுதியவர், பெற்றவர், இடம், தேதி, சேகரிப்பின் பெயர், குறியீட்டு எண், காப்பகம் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். தேதி உங்கள் ஊகமானால் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள். ‘ஒரு சொல் தெளிவில்லை’ என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உங்களுக்குத் தெரிந்த ஐரிஷ் குடும்பம் எதிலாவது பழைய கட்டு இருந்தால், மூலத்தைக் கொடுக்கச் சொல்லித் துன்புறுத்த வேண்டாம். கால்வேயின் இமிர்கே திட்டத்துக்கு மின்படிகள் போதும், தாள் வீட்டிலேயே இருக்கலாம். மடிப்பை வலிந்து பிரிக்கக் கூடாது, செலோடேப் ஒட்டக் கூடாது, லேமினேட் செய்யவே கூடாது. ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, தபால்தலைக்காகப் பிள்ளைகள் உறையைக் கத்தரிக்க விடாதீர்கள். உள்ளே தேதி போட மறந்தவரின் தேதி அந்த உறையின் முத்திரையில்தான் இருக்கும்.